நிலமளந்த வேந்தன் இராசராசன்

தஞ்சைப் பெரிய கோயிலுக்குச் செல்வோர் அனைவரும் அண்ணாந்து நோக்குவர். இருநூறு அடிக்கு மேல் ஓங்கி நிற்கும் விமானத்தைக் கண்டு வியப்பர். அதன் நிழல் தரையில் விழாது என்று யாரோ கட்டிவிட்ட கதையைக் கேட்டுக்கொண்டு, கண்ணெதிரே விழுந்து கிடக்கும் நிழலிலேயே சற்று இளைப்பாறித் திரும்புவர். குனிந்து பார்ப்பவர் சிலரே. ஆயினும், விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றி வரிவரியாகப் பொறிக்கப்பட்டுள்ள எழுத்துகளில்தான் அக்கோயிலை எடுப்பித்தவனுடைய வாழ்க்கை அடங்கியிருக்கிறது. முதலாம் இராசராசன் வென்ற நாடுகளின் பட்டியலைப் பள்ளிப் பிள்ளைகளும் ஒப்பிப்பர். அவன் அளந்த நிலத்தைப் பற்றியும், அந்த அளவையில் நம் முன்னோர் எந்த இடத்தில் நிறுத்தப்பட்டனர் என்பதைப் பற்றியும் பேசுவோர் அரியர். ஆதலின் அம்மன்னனின் வாழ்வை அவன் வாளின் வழியே அன்றி அவனுடைய அளவுகோலின் வழியே இங்குக் காண்போம்.

இராசராசனின் இயற்பெயர் அருள்மொழிவர்மன். சுந்தர சோழன் எனப் பெயர்பெற்ற இரண்டாம் பராந்தகனுக்கும் வானவன் மாதேவிக்கும் சதய நாளில் பிறந்தவன். தமையன் ஆதித்த கரிகாலன், தமக்கை குந்தவை. அவன் பிறந்த காலத்தில் சோழ நாடு பெருநாடாக இருக்கவில்லை. கி.பி. 949இல் தக்கோலப் போரில் இராட்டிரகூடரிடம் அடைந்த தோல்வியால் வடபகுதியை இழந்து, காவிரிக் கரையளவில் சுருங்கி, மெல்ல மெல்ல மீண்டுகொண்டிருந்த அரசு அது. அந்நிலையில் இளவரசன் ஆதித்த கரிகாலன் வஞ்சகமாகக் கொல்லப்பட்டான். தந்தையும் மறைந்தான். தாய் வானவன் மாதேவி கணவனோடு உடன்கட்டை ஏறினாள் என்பதைத் திருக்கோவலூர்க் கல்வெட்டு கூறுகிறது. ஆட்சி அருள்மொழிக்கு வரவில்லை. சிறிய தந்தை முறையினனான உத்தம சோழனுக்குச் சென்றது. ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள் அருள்மொழி காத்திருந்தான். பெற்றோரை இழந்த அவனுக்குக் குந்தவையே தாய்க்குத் தாயாக நின்றாள் என்பதை, பின்னாளில் அவன் அவளுக்கு அளித்த மதிப்பினின்று உணரலாம்.

கி.பி. 985ஆம் ஆண்டில் முடிசூடினான். தமையனைக் கொன்றோர் யார் என்பது அவன் ஆட்சியின் இரண்டாம் ஆண்டில் எழுதப்பட்ட உடையார்குடிக் கல்வெட்டால் வெளியாகிறது. பிரமாதிராசன் என்னும் உயர்பட்டம் பெற்ற அதிகாரிகளும் அவர்தம் உடன்பிறந்தாரும் அக்குற்றத்திற்கு உள்ளானவர். அக்கல்வெட்டு தலைகளைக் கொய்ததைச் சொல்லவில்லை. நிலங்களைக் கைப்பற்றி விற்றதையே சொல்லுகிறது. துரோகிகளுடையவும் அவர்தம் உறவினருடையவும் மனையும் நிலமும் கணக்கெடுக்கப்பட்டு விலைக்குப் போயின. இம்மன்னன் பகையைத் தீர்த்ததும் நிலக்கணக்கின் வழியாகவே என்பது குறிக்கத்தக்கது.

அவனுடைய போர்களை விரித்துரைக்க இங்கு இடமில்லை. காந்தளூர்ச் சாலை, பாண்டிநாடு, கங்கபாடி, நுளம்பபாடி, வேங்கை நாடு, ஈழத்தின் வடபகுதி, இறுதியாக மாலத்தீவுகள் என அவன் படை சென்ற வழி நீண்டது. இருபது ஆண்டுகளுக்குள் ஒரு சிறிய அரசு பேரரசாயிற்று. ஆனால், வென்ற நாட்டைக் கட்டிக் காக்க வாள் மட்டும் போதாது. படைக்குச் சோறு வேண்டும். கோயிலுக்கு விளக்கு வேண்டும். அலுவலர்க்குச் சீவிதம் வேண்டும். அனைத்தும் நெல்லாகவே வரவேண்டும். அந்நெல் எவ்வூரில் எவ்வளவு விளையும், அதில் அரசுக்கு எவ்வளவு என்பது தெரியாமல் அரசு நடவாது. இதை நன்கு உணர்ந்த வேந்தன் இராசராசன். தன் ஆட்சியின் பதினாறாம், பதினேழாம் ஆண்டுகளில், அதாவது கி.பி. 1001 அளவில், நாடெங்கும் நிலத்தை அளக்கச் செய்தான்.

அவ்வேலைக்குத் தலைமை ஏற்றவன் சேனாபதி குரவன் என்பான். படைத்தலைவன் ஒருவனிடம் அளவுகோலை ஒப்படைத்தது காரணத்தோடுதான் போலும். நிலத்தை அளக்க வருபவனை எவரும் மலர் தூவி வரவேற்பதில்லை. அப்பணியால் அவன் உலகளந்தான் என்னும் பட்டமும் இராசராச மாராயன் என்னும் சிறப்பும் பெற்றான். இங்கிலாந்தை வென்ற நார்மானிய மன்னன் வில்லியம் தன் நாட்டு நிலங்களைக் கணக்கெடுத்தது கி.பி. 1086இல். உலக வரலாற்று நூல்கள் அதைப் பெரிதும் பாராட்டும். காவிரிப் படுகையில் அவ்வேலை அதற்கு எண்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பே நடந்துவிட்டது. அதே 1086ஆம் ஆண்டில் முதற் குலோத்துங்கன் சோழ நாட்டை மீண்டும் ஒருமுறை அளந்தான்.

நிலமளந்த கோலுக்கு உலகளந்த கோல் என்று பெயர். பதினாறு சாண் நீளமுடையது. ஒரு சாண் முக்கால் அடி எனக் கொண்டால் கோலின் நீளம் பன்னிரண்டு அடி. ஒரு கோல் நீளமும் ஒரு கோல் அகலமும் உள்ள சதுரம் ஒரு குழி. அதாவது 144 சதுர அடி. நூறு குழி ஒரு மா. இருபது மா ஒரு வேலி. இக்கணக்கின்படி ஒரு மா 14,400 சதுர அடியாகிறது. அதை இன்றைய செண்டுக்கு மாற்றினால் முப்பத்து மூன்று வரும். தஞ்சை வட்டார உழவரைக் கேட்டுப் பாருங்கள்; ஒரு மா என்றால் முப்பத்து மூன்று செண்டு என்றே சொல்லுவர். கோலின் நீளமும் மாவுக்குரிய குழிக்கணக்கும் ஊருக்கு ஊர் மாறியதும் உண்டு. எனினும், ஏக்கரும் எக்டேரும் வந்த பின்னரும் அழியாமல் நம் வயல் வரப்பில் நிற்கும் அளவு இது. அளவுகோலின் நீளத்தைக் கோயில் சுவரிலேயே கோடிட்டு வெட்டி வைக்கும் வழக்கமும் தமிழ்நாட்டில் இருந்தது. மரக்கோல் தேயலாம், யாரேனும் வெட்டிக் குறைக்கலாம். கல்லில் வெட்டிய கோட்டைக் குறைத்தல் எளிதன்று.

வேலிக்குக் கீழே பின்னக்கணக்கு தொடங்கும். மா இருபதில் ஒன்று. காணி எண்பதில் ஒன்று. முந்திரி முந்நூற்றிருபதில் ஒன்று. முந்திரியையும் முந்நூற்றிருபது கூறாக்கினால் கீழ்முந்திரி. அதற்கும் கீழே கீழென்று இறங்கிக்கொண்டே போவர். ஒரு வேலியை 5,242 கோடியே 88 இலட்சம் கூறாக்கி, அதில் ஒரு கூறு வரை கணக்கெழுதியதைத் தஞ்சைக் கல்வெட்டுகளில் காண்கிறோம். அந்த அளவில் ஒரு கடுகு வைக்கவும் இடம் இராது. அது கோலால் அளந்ததன்று, எழுத்தாணியால் வகுத்தது. நிலம் அளப்போரின் திறமையைவிடக் கணக்கரின் அதிகாரத்தையே இது காட்டுகிறது என்பது என் கருத்து.

இந்தப் பின்னங்கள்தாம் பிற்காலத்தில் எண்சுவடியாகித் திண்ணைப் பள்ளிகளில் மனப்பாடம் செய்விக்கப்பட்டன. அத்திண்ணையில் சேரிப் பிள்ளைக்கு இடம் இல்லை. நாற்று நட்டதும், நீர் பாய்ச்சியதும், கதிர் அறுத்ததும், களத்தில் மரக்காலால் நெல்லை அளந்து கொட்டியதும் நம்மவர் கைகள். எத்தனை மரக்கால் என்று ஓலையில் எழுதியது வேறு கை. பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம் என்பது நம்மவர்க்குத் தெரியும். தம் கூலி அந்தக் கலத்தில் எத்தனையில் ஒன்று என்பதைக் கேட்கவும் சரிபார்க்கவும் கணக்கு தெரியாது. கல்வி மறுப்பு என்பதை நாம் ஏடும் எழுத்தும் மறுக்கப்பட்டதாகவே பேசுகிறோம். மாகாணியும் முந்திரியும் மறுக்கப்பட்டதன் இழப்பு அதற்குக் குறைந்ததன்று.

அளந்து முடித்த ஊர்களின் கணக்கு, புரவுவரித் திணைக்களம் என்னும் அலுவலகத்தின் வரிப்பொத்தகத்தில் ஏறியது. காவிரியும் அதன் கிளைகளும் எல்லைகளாக அமைய, சோழ மண்டலம் வளநாடுகளாகப் பிரிக்கப்பட்டது. அரிசிலாற்றுக்கும் காவிரிக்கும் இடைப்பட்ட பகுதி உய்யக்கொண்டார் வளநாடு. நாகப்பட்டினப் பக்கம் சத்திரிய சிகாமணி வளநாடு. எல்லாம் மன்னனின் பட்டப்பெயர்களே. ஆற்றைக்கொண்டு நாட்டை வகுத்ததால், ஒவ்வொரு வளநாடும் ஒரு பாசனப் பரப்பாகவும் அமைந்தது. வயலின் இருப்பிடத்தைக் குறிக்கும்போது இன்ன வதிக்கு மேற்கு, இன்ன வாய்க்காலுக்கு வடக்கு, இத்தனையாம் கண்ணாற்று இத்தனையாம் சதிரம் என்று எழுதினர். இன்றைய சர்வே எண்ணுக்குரிய வேலையை அத்தொடர் செய்தது.

இனி, நாம் குனிந்து படிக்க வேண்டிய இடத்திற்கு வருவோம். பெரிய கோயிலுக்கு இறையாக நெல்லும் பொன்னும் செலுத்தவேண்டிய ஊர்களின் பட்டியல் அங்குப் பொறிக்கப்பட்டுள்ளது. ஒவ்வோர் ஊருக்கும் முதலில் மொத்த நிலத்தைச் சொல்லி, அதிலிருந்து வரியில்லாத நிலத்தை நீக்கி, எஞ்சியதற்கு மட்டும் காணிக்கடன் எனப்படும் நிலவரியைக் கணக்கிட்டனர். அவ்வாறு நீக்கப்பட்டவை எவை? ஊர்நத்தம், கோயில்கள், குளங்கள், ஊரை ஊடறுத்துச் செல்லும் வாய்க்கால்கள், சுடுகாடு; இவற்றோடு கம்மாணச்சேரி, ஈழச்சேரி, வண்ணாரச்சேரி, பறைச்சேரி, தீண்டாச்சேரி. சில ஊர்களில் உழப்பறையர் இருக்கும் சேரி என்று தொழிலையும் சேர்த்தே எழுதினர். மதகுத் தலைப்பில் இருந்த சேரியைத் தலைவாய்ச்சேரி என்றனர். சுடுகாட்டிலும் பறையர்க்குத் தனிச் சுடுகாடு இருந்தது. அதுவும் தனியே அளக்கப்பட்டது.

இவ்வரிகளைப் படிக்கும் நம்மவர் நெஞ்சில் இருவேறு எண்ணங்கள் எழுதல் இயல்பு. தீண்டாமை என்பது இடைக்காலத்தில் வந்த நோய், தமிழ் மன்னர் காலத்தில் அது இல்லை என்று மேடைகளில் முழங்குவோர் உண்டு. அவர்க்குத் தஞ்சைக் கல்லே விடை கூறுகிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே தீண்டாச்சேரி என்னும் சொல் அரசாங்கக் கணக்கில், எவ்விதக் கூச்சமுமின்றி, குளம் வாய்க்கால் போன்றதொரு சொல்லாக வழங்கியது. மன்னன் அதை உண்டாக்கினான் என்று கூறுதற்கில்லை; இருந்ததை அளந்தான். அளந்து கல்லில் எழுதியதால் அது சட்டத்தின் உறுதியும் பெற்றது. இஃது ஓர் எண்ணம்.

மற்றொன்று இதற்கு மாறானது. சேரி இருந்த இடம் உழவர் காணியிலும் சேராது, வரிநிலத்திலும் சேராது, ஊர்நத்தத்தைப் போலவே ஊரின் பொதுக் குடியிருப்பாக அங்கு எழுதப்பட்டிருக்கிறது. அப்படியாயின், பிற்காலத்தில் மிராசுதாரர் எழுந்து, சேரி மனையும் தம் மிராசில் அடக்கம், தாம் விரும்பினால் குடிசையைப் பிரித்தெறிந்து துரத்தலாம் என்று கொண்டாடிய உரிமைக்கு இந்தக் கல்லில் ஆதாரம் இல்லை. தாழ்வு எழுதப்பட்ட அதே வரியில் இருப்பும் எழுதப்பட்டுள்ளது. இவ்விரண்டில் ஒன்றை மட்டும் படித்து மற்றதை விடுதல் நேர்மையன்று.

நாகப்பட்டினத்துப் பௌத்தப் பள்ளிக்கு இம்மன்னன் அளித்த கொடையும் நமக்கு நெருக்கமானது. கடாரத்தையும் சீவிசயத்தையும் ஆண்ட மாற விசயோத்துங்கவர்மன் தன் தந்தை பெயரால் அங்குச் சூடாமணி விகாரத்தைக் கட்டினான். சிவபாதசேகரன் என்று தன்னைக் கூறிக்கொண்ட இராசராசன், தன் இருபத்தொன்றாம் ஆண்டில் ஆனைமங்கலம் என்னும் ஊரை அப்பள்ளிக்கு அளித்தான். தொண்ணூற்றேழு வேலியும் சில்லறையும் கொண்ட அவ்வூரிலிருந்து ஆண்டுக்கு 8,943 கலமும் அதற்குமேல் நாழிக்கணக்கு வரையும் நெல் செல்லவேண்டும் என்று ஆணை பிறந்தது. பிடியானையை நடத்தி எல்லையைச் சுற்றிவந்து, கல்லும் கள்ளியும் நட்டு ஊரின் வரம்பைக் காட்டினர். அந்த ஆணையைத் தாங்கிய செப்பேடுகள் பின்னர் ஆலந்து நாட்டுக்குச் சென்று லெய்டன் செப்பேடுகள் எனப் பெயர் பெற்றன. அந்த ஆனைமங்கலம் உள்ள கீழ்வேளூர் வட்டாரத்தில்தான் கீழ்வெண்மணியும் இருக்கிறது. கூலியாகக் கொஞ்சம் நெல்லைக் கூட்டிக் கேட்ட குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர், 1968ஆம் ஆண்டு டிசம்பர் 25 அன்று அங்கே ஒரே குடிசையில் எரிந்து மாண்டனர்.

பெரிய கோயில் கி.பி. 1010இல் முற்றுப்பெற்றது. தஞ்சை அரண்மனையின் திருமஞ்சன சாலையில் இருந்தபோது மன்னன் ஓர் ஆணை பிறப்பித்தான். தான் கொடுத்தவை, தமக்கை கொடுத்தவை, தன் தேவியர் கொடுத்தவை, பிறர் கொடுத்தவை அனைத்தையும் விமானத்துக் கல்லில் வெட்டுக என்பதே அது. தமக்கையின் பெயரைத் தன் பெயருக்கு அடுத்து வைத்த பண்பும், பிறர் கொடையை மறைக்காத நேர்மையும் அவனிடம் இருந்தன. பொன்னை நிறுக்க ஆடவல்லான் என்னும் கல்; நெல்லை அளக்க அதே பெயருடைய மரக்கால். இறைவன் பெயரையே எடைக்கும் முகத்தலளவைக்கும் இட்டதால், அளவில் கள்ளம் செய்வது இறைவனுக்கே செய்யும் குற்றமாயிற்று. ஆட்சித் தந்திரத்தில் இது மிக நுட்பமானது.

கோயிற் பணியாளர்க்கு ஊதியம் பங்காக வகுக்கப்பட்டது. ஒரு பங்கு என்பது ஒரு வேலி நிலத்தின் பயனாகிய நூறு கலம் நெல். தளிச்சேரிப் பெண்டிர் நானூற்றுவர்க்கு ஆளுக்கொரு பங்கு. ஒவ்வொருத்தியின் பெயர், எந்தத் தெருச்சிறகில் எத்தனையாவது வீடு என்பது வரை கல்லில் உண்டு. குயவர், வண்ணார், நாவிதர், தையற்காரர், தச்சர் என அனைவர்க்கும் பங்கு எழுதப்பட்டது. உழைப்பவன் பெயரைக் கல்லில் ஏற்றிய பெருமை இம்மன்னனுக்கு உண்டு. அதை மறுத்தல் கூடாது. ஆனால், அந்த நூறு கலத்தை விளைவித்தவனுக்கு அப்பட்டியலில் பங்கு இல்லை. சேரியின் பரப்பு எழுதப்பட்டது. சேரியில் வாழ்ந்த ஒருவன் பெயரும் எழுதப்படவில்லை.

அளந்த கோல் வரி வாங்கவும் தயங்கவில்லை. தொண்டை நாட்டு உக்கல் என்னும் ஊரின் கல்வெட்டு, அவனுடைய இருபத்துநான்காம் ஆண்டு ஆணை ஒன்றைத் தருகிறது. பதினாறாம் ஆண்டு தொடங்கி இரண்டாண்டு நிறைந்தும் இறை கட்டாதவர் நிலத்தை, கட்டியவர்கள் விற்றுக்கொள்ளலாம் என்பது அதன் கருத்து. பிராமணர் ஊர்களுக்கும் இவ்வாணை பொருந்தும் என்றது மெச்சத்தக்கது. பதினாறாம் ஆண்டு என்பது நிலமளந்த ஆண்டு என்பதை நினைவிற் கொள்க.

கி.பி. 1012இல் மகன் இராசேந்திரனுக்கு இளவரசுப் பட்டம் கட்டி உடன் ஆளச் செய்தான். 1014இல் மறைந்தான்.

காலம் செல்லச் செல்லக் கல்லெழுத்தைப் படிப்பார் இல்லாமற் போயினர். இவ்வளவையும் எழுதிவைத்த மன்னனின் பெயரே மறந்தது. குட்டநோய் தீர்ந்த கிருமிகண்ட சோழன் கட்டியது, கரிகாலன் கட்டியது என்று புராணக் கதைகள் வழங்கின. 1808ஆம் ஆண்டில் வேறொரு நிலமளப்போன் அங்கு வந்தான். இந்தியப் பெருநிலத்தை முக்கோண முறையில் அளந்த லாம்டன் என்னும் ஆங்கிலேயன் அவன். குன்றே இல்லாத காவிரிச் சமவெளியில் கோயில் கோபுரங்களையே குன்றுகளாகக் கொண்டு அளந்தவன், அரை டன் எடையுள்ள தன் கோணமானியைப் பெரிய கோயில் விமானத்தின்மீது ஏற்றினான். கயிறு அறுந்து கருவி சுவரில் மோதிச் சிதைந்தது; அவனே அதைப் பிரித்துச் செப்பனிட்டான். தான் மோதிய விமானமே ஒரு பெரும் நில அளவையின் பதிவேடு என்பதை அவன் அறிந்திருக்க வழியில்லை. அவ்வெழுத்துகளை முறையாகப் படித்து வெளியிட்டவர் செருமானிய அறிஞர் ஹுல்ஷ். அவருடைய பதிப்பு 1891 முதல் வெளிவந்தது. அப்போதுதான் கோயிலைக் கட்டியவன் இராசராசன் என்பது ஐயமின்றித் துலங்கிற்று.

சேரியின் பெயர் பொறித்த அக்கல்லைச் சேரி மக்கள் சென்று காண இயலவில்லை. 1939ஆம் ஆண்டில்தான் பெரிய கோயில் நம்மவர்க்குத் திறக்கப்பட்டது. அதாவது, அந்நியநாட்டு அறிஞர் அவ்வெழுத்துகளைப் படித்து அச்சிட்டு ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழிந்த பின்னரே, அவ்வெழுத்துகளுக்கு உரியவர் அச்சுவரின் அருகே நிற்க முடிந்தது. குடியிருக்கும் மனைக்கு உரிமை பெற மேலும் முப்பத்திரண்டு ஆண்டுகள் ஆயின. 1971ஆம் ஆண்டுக் குடியிருப்பு உரிமைச் சட்டம், நிலவுடைமையாளர் நிலத்தில் குடிசை கட்டி வாழ்ந்த உழவுத் தொழிலாளர்க்கு அம்மனையை உரிமையாக்கியது. பல குடும்பங்கள் பட்டா என்னும் தாளில் தம் பெயரை முதன்முதலாகக் கண்டது அப்போதுதான்.

நம் சங்கத்து மாணவர்க்கு ஒரு செய்தி. தென்னிந்தியக் கல்வெட்டுகள் என்னும் வரிசையின் இரண்டாம் தொகுதியில் நான்கு, ஐந்து என எண்ணிட்ட கல்வெட்டுகள் மேலே கூறிய ஊர்ப்பட்டியல்கள். மூலம் தமிழிலேயே அச்சிடப்பட்டுள்ளது. உடன் ஆங்கில மொழிபெயர்ப்பும் உண்டு. காவிரிப் படுகையின் ஊர்ப்பெயர்கள் பல சற்றே திரிந்து இன்றும் வழங்குகின்றன. தத்தம் ஊர் அப்பட்டியலில் உள்ளதா, அதன் சேரிக்கு எத்தனை மா, எத்தனை காணி, எத்தனை முந்திரி எழுதப்பட்டுள்ளது என்று தேடி, பன்னிரண்டடிக் கோலின் கணக்கால் செண்டாக்கி, இன்றைய நத்தம் கணக்கோடு ஒத்துப் பார்க்கலாம்.